மக்கரோனியும் டின்மீனும்: ஒரே பானையில் ஒரு வேளை உணவு

வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்த முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சாப்பாடு எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. கோயிலிலிருந்தும் விகாரையிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் சோற்றுப் பார்சல்கள் வரும். சிரமம் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. பார்சல்கள் குறைந்து உலர் உணவுப் பொதிகள் வரத் தொடங்கும். அரிசி, பருப்பு, சீனி, கோதுமை மா இவற்றோடு ஒரு டின்மீனும், ஒரு பக்கற் மக்கரோனியோ நூடில்ஸோ பொதிக்குள் இருக்கும். அரிசியும் பருப்பும் முதலில் முடிந்துவிடும். டின்மீனைப் பலரும் கறியாக்கி விடுவார்கள். மக்கரோனிதான் மூலையில் கிடக்கும். அதை எப்படிச் சமைப்பது என்று தெரியாமல், கிடைத்த விலைக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அந்தப் பணத்தில் இரண்டு பிஸ்கட் பக்கற் வாங்கினால் பிள்ளையின் வயிறு ஒரு மணி நேரத்திற்கு அடங்கும், அவ்வளவுதான்.

ஊவாவில் இடம்பெயர்வு புதிய விடயமல்ல. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியபோது உயிர் தப்பியவர்கள் நீண்ட காலம் பொது இடங்களிலே தங்க நேர்ந்தது. அதே ஆண்டின் முடிவில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்திற்குள் நீர் பாய்ந்ததன் பின் பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தின் பல பகுதிகளில் மண் சரிந்தது. காரணம் வேறாக இருந்தாலும் முகாமுக்கு வரும் தாயின் கேள்வி ஒன்றுதான்: இருக்கிற சாமானை வைத்துப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு எதைக் கொடுப்பது?

இந்த இதழின் பாடம் அந்தக் கேள்விக்கு ஒரு விடையைத் தருகிறது. தேவைப்படுவது ஒரு பானை, ஓர் அடுப்பு, ஒரு பக்கற் மக்கரோனி, ஒரு டின்மீன், வெலிமடை மண்ணில் விளைகிற மரக்கறி ஆகியவையே.

மக்கரோனி அந்நியப் பொருளா?

பெயர்தான் அந்நியம், பொருள் நமக்குப் பழக்கமானதே. தோட்டப்புறத்தில் கோதுமை மா ரொட்டி தலைமுறை தலைமுறையாக உண்ணப்பட்டு வருகிறது. மக்கரோனியும் கோதுமைதான். மாவை அல்லது ரவையைத் தண்ணீர் விட்டு இறுக்கமாகப் பிசைந்து, துளையிட்ட அச்சின் வழியே அழுத்திப் பிழிந்து, துண்டுகளாக வெட்டி, நன்றாக உலர்த்துகிறார்கள். இடியப்ப உரலில் மாவைப் பிழிவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. நாம் பிழிந்ததை உடனே அவிக்கிறோம், அவர்கள் உலர்த்தி வைக்கிறார்கள். ஈரம் இல்லாததால் மாதக்கணக்கில் பழுதாகாது. கூடாரத்துக்குள் ஈரம் ஏறாமல் வாளிக்குள்ளோ மூடியுள்ள டின்னுக்குள்ளோ போட்டு வைத்தால் போதும்.

இத்தாலியில் துரும் என்னும் கடினமான கோதுமையின் ரவையிலே செய்கிறார்கள். அது வெந்தாலும் உறுதியாக நிற்கும். மலிவான பக்கற்றுகளில் பல சாதாரண கோதுமை மாவில் செய்யப்பட்டவை. அவை சீக்கிரம் குழைந்துவிடும். ஆகவே பக்கற்றைப் பார்த்து, ரவையில் செய்ததா மாவில் செய்ததா என்று அறிந்துகொண்டால் அடுப்பில் எவ்வளவு நேரம் வைப்பது என்பதைத் தீர்மானிக்கலாம். எழுத்து வாசிக்க முடியாதவிடத்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துக் கணிக்க வேண்டியதுதான்.

மீனையும் மக்கரோனியையும் சேர்ப்பதும் புதுமையல்ல. இத்தாலிக்குத் தெற்கே உள்ள சிசிலித் தீவில் சாளை மீனோடு பெருஞ்சீரகத் தழையும் சேர்த்துச் செய்யும் உணவு பெயர்பெற்றது. நாம் கறித்தூளோடு பெருஞ்சீரகத்தை அரைக்கிறோமே, அதே வாசனைதான்.

டின்னுக்குள் நடப்பது என்ன?

பிரான்ஸ் தேசத்தில் நிக்கொலா அப்பேர் என்றொரு இனிப்புப் பண்டம் செய்பவர் இருந்தார். உணவைப் போத்தலில் இட்டுக் காற்றுப் புகாமல் அடைத்து, கொதிநீரில் நெடுநேரம் வைத்தால் அது கெடுவதில்லை என்று கண்டார். 1810 இல் அந்நாட்டு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. போத்தலுக்குப் பதிலாகத் தகர டின்னைப் பயன்படுத்தும் முறைக்கு அதே ஆண்டில் இங்கிலாந்தில் உரிமம் எடுக்கப்பட்டது. கிருமிகளே உணவைக் கெடுக்கின்றன என்பது அப்போது அப்பேருக்கும் தெரியாது, வேறெவருக்கும் தெரியாது. அதை லூயி பாஸ்டர் பல ஆண்டுகள் கழித்தே விளக்கினார்.

இன்றும் முறை அதுவே. மீனை டின்னில் இட்டு மூடிய பின், அழுத்தப் பாத்திரத்தில் கொதிநீரை விட அதிகமான வெப்பத்தில் அவிக்கிறார்கள். ஆகவே டின்னுக்குள் இருக்கும் மீன் ஏற்கனவே வெந்தது. மீண்டும் நெடுநேரம் வேகவைத்தால் அது கரைந்து, நிறமும் போய், மணமும் கெடும். கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்த்தாற் போதும். அந்த அழுத்தத்திலே முள்ளும் மிருதுவாகிவிடுகிறது. பலர் நடுமுள்ளை எடுத்து எறிகிறார்கள். எறிய வேண்டாம். பாலும் முட்டையும் கிடைக்காத இடத்தில் பிள்ளையின் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய கல்சியம் அந்த முள்ளில்தான் இருக்கிறது. இரண்டு விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினால் மாவாகும். மாவாக்கி மீனோடு கலந்துவிடுங்கள், பிள்ளைக்குத் தெரியாது.

நிவாரணப் பொதியில் டின்மீனை வைப்பதற்கு இன்னொரு நல்ல காரணமும் இருக்கிறது. மாட்டிறைச்சியை உண்ணாதவர், பன்றியிறைச்சியை உண்ணாதவர், எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது மீனுக்குப் பெரும்பாலும் தடையில்லை. பொதுச் சமையலில் சண்டை குறைகிறது. மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கும் வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பவர்களுக்கும் மீன் சேர்க்குமுன் ஒரு பங்கை வேறாக எடுத்து, அவித்த கொண்டைக்கடலையோ சோயாமீற்றோ சேர்த்துக் கொடுக்கலாம். அவர்களுக்கென்று தனிக் கரண்டியையும் வையுங்கள்.

டின்னை வாங்கும்போதும் திறக்கும்போதும்

மூடியோ அடியோ வெளியே உப்பியிருந்தால் அந்த டின்னைத் திறக்கவே வேண்டாம். உள்ளே கிருமி வளர்ந்து வாயு உண்டாகியிருக்கிறது என்பதே அதன் பொருள். சூடாக்கினால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம், அதில் உண்டாகும் நஞ்சு ஆளையே கொல்லக்கூடியது. பொருத்து ஓடும் விளிம்பில் ஆழமாக நசுங்கியதும், துருப்பிடித்துத் துளை விழுந்ததும், திறக்கும்போது சீறிப் பாய்வதும் அப்படியே விலக்க வேண்டியவை. நடுப்பகுதியில் இலேசாக நசுங்கியிருப்பது பெரிய குற்றமல்ல. இலங்கைத் தரநிர்ணய அடையாளமும் காலாவதித் திகதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இலவசமாகக் கிடைத்த டின்னிலும் திகதியைப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். பொதியைப் பகிர்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று சிலர் தயங்குகிறார்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

வெள்ளநீரில் கிடந்த டின்னாயின் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பின்பே வெட்ட வேண்டும். திறவாத டின்னை நெருப்பில் வைத்துச் சுடாக்காதீர்கள், வெடிக்கும். திறந்த மீனை டின்னிலேயே விட்டு வைக்காமல் வேறு பாத்திரத்திற்கு மாற்றி, அன்றே சமைத்து முடித்துவிட வேண்டும். இந்த வகை மீன் வெளியே நெடுநேரம் இருந்தால் அதில் உண்டாகும் ஒரு பொருள் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பெல்லாம் தடிக்கச் செய்யும். சமைத்தாலும் அது அழியாது.

மரக்கறி

வெலிமடைப் பக்கத்து விவசாயிக்கு மரக்கறியைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா, தக்காளி, நோக்கோல் எல்லாம் எந்த மாதத்தில் மலியும், எந்த மாதத்தில் கெப்பெட்டிபொலச் சந்தையில் விலை விழும் என்பது உங்களுக்கே தெரியும். சந்தைக்குப் போகாமல் ஒதுக்கப்படும் முறிந்த கரட்டும், வெளியிலை கிழிந்த கோவாவும் இந்தச் சமையலுக்கு முதல் தரமானவை. எப்படியும் வெட்டத்தானே போகிறோம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். சரிந்த மலைக்குக் கீழே மீந்திருக்கும் மரக்கறியைப் பிடுங்கி வருவதற்காக, எச்சரிக்கை நீங்குமுன் யாரும் திரும்பிப் போக வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளாக விடுக்கிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். மழை விட்டு வெயில் எறித்தாலும் மண்ணுக்குள் தண்ணீர் இருக்கும். பாடுபட்டு வளர்த்த பாத்தி கண்ணெதிரே அழுகுவதைப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்பது விவசாயிக்கே தெரியும். ஆனாலும் ஒரு மூட்டை கரட்டுக்கு ஓர் உயிரை ஈடு வைக்க முடியாது.

லீக்ஸை நீளவாக்கில் பிளந்து கழுவுங்கள். மண் அணைத்து வளர்ப்பதால் இலைகளுக்கிடையே மண் நிற்கும். மேலே உள்ள பச்சைப் பகுதியையும் எறியாமல் மெல்லியதாக அரிந்து சேர்க்கலாம். மருந்தடித்து எத்தனை நாள் சென்றது என்று தெரியாத கோவாவின் வெளியிலை இரண்டு மூன்றைக் கழற்றிவிடுவது நல்லது.

சமைக்கும் முறை

ஐந்து பேருக்கு அளவு சொல்கிறோம். மக்கரோனி 400 கிராம், 425 கிராம் டின்மீன் ஒன்று, பெரிய லீக்ஸ் ஒன்று, கரட் இரண்டு, போஞ்சி ஒரு கைப்பிடி, கோவாவில் கால்வாசி, தக்காளி இரண்டு, பெரிய வெங்காயம் ஒன்று, உள்ளிப்பூண்டு நாலைந்து பல், பச்சைமிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கறித்தூள் ஒரு தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, அரைத் தேசிக்காய், உப்பு. இவற்றில் ஏதாவது இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வெங்காயமும் மஞ்சளும் தேசிக்காயும் மட்டும் இருந்தால் நல்லது, மீன் மணத்தைத் தாழ்த்துவன அவைதான்.

அளவுக் கோப்பை தேடி அலைய வேண்டாம். மீனை ஒரு கோப்பைக்கு மாற்றிய பின் அந்த டின்னையே கழுவி அளவாகக் கொள்ளலாம். அதில் மூன்று டின் தண்ணீர், ஏறத்தாழ ஒன்றேகால் லீற்றர், இந்த அளவு மக்கரோனிக்குச் சரியாக இருக்கும். நிறையத் தண்ணீரில் அவித்து வடிப்பதே புத்தகங்களில் உள்ள முறை. பீலியிலோ பவுசரிலோ வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கு அந்த முறை ஆகாது. வடித்து ஊற்றும் தண்ணீரோடு மாச்சத்தும் போகிறது. ஆகவே வடிக்காமலே சமைக்கிறோம்.

மரக்கறியை எல்லாம் அரிந்து முடித்த பின்பே அடுப்பை மூட்டுங்கள். விறகு மிச்சமாகும். பானையில் எண்ணெய் விட்டு வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் ஆகியவற்றை வதக்குங்கள். வெங்காயம் பொன்னிறமானதும் மஞ்சள்தூளையும் கறித்தூளையும் போட்டு ஒரு கிளறு கிளறி, கரட்டையும் போஞ்சியையும் சேர்த்து இரண்டு நிமிடம் பிரட்டுங்கள். பிறகு தக்காளியைப் போட்டு நசுக்கி, மூன்று டின் தண்ணீரையும் ஊற்றி மூடுங்கள். மீன் டின்னில் இருந்த நீரையும் இப்போது ஊற்றலாம். அதில் உப்பு இருக்கும், ஆகவே உப்பை இப்போது போடாமல் கடைசியில் ருசி பார்த்துப் போடுவதே புத்தி.

தண்ணீர் நன்றாகத் துள்ளிக் கொதிக்கும்போது மக்கரோனியைக் கொட்டுங்கள். கொதிக்காத தண்ணீரில் போட்டுவிட்டுக் கிளறாமல் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடும். பலர் இந்த உணவை வெறுப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறோம். போட்டவுடன் அடிவரை கிளறி, மீண்டும் கொதி வந்ததும் இடையிடையே கிளறிக்கொள்ளுங்கள்.

எத்தனை நிமிடம்? பக்கற்றில் எட்டு நிமிடம் என்று போட்டிருந்தால் வெலிமடையில் பத்து, பதினொரு நிமிடம் வையுங்கள். இங்கு நாம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிறோம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால் தண்ணீர் 100 பாகைக்கு முன்னரே கொதித்துவிடும். வெலிமடைப் பக்கத்தில் ஏறத்தாழ 96, 97 பாகையில் கொதிக்கும், நுவரெலியாவில் 94 அளவில். கொதிப்பதாகத் தோன்றினாலும் சூடு குறைவு. கொழும்பிலிருந்து வந்தவர்கள் இங்கே பருப்பு அவியவில்லை என்று சொல்வதும் இதனாலேதான்.

விறகு மிகக் குறைவாக இருந்தால் வேறொரு வழி உண்டு. மக்கரோனி போட்டு மூன்று நான்கு நிமிடம் கொதித்ததும் கோவாவையும் லீக்ஸையும் சேர்த்து, இறுக்கமாக மூடி, பானையை அடுப்பிலிருந்து இறக்கிப் பழைய சாக்காலோ கம்பளியாலோ சுற்றி வையுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். மக்கரோனி வேகக் கொதி தேவையில்லை, சூடு தணியாதிருந்தால் போதும். சாக்கை நெருப்புக்கருகில் வைக்காதீர்கள்.

அடுப்பிலேயே வேகவிடுகிறவர்கள் மக்கரோனி முக்கால் பதமாகும்போது கோவாவையும் லீக்ஸையும் போடுங்கள். தண்ணீர் சுண்டிக் குழம்புபோல் வந்ததும், முள்ளை நசுக்கிச் சேர்த்த மீனைப் பெரிய துண்டுகளாக மேலே பரப்பி, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். சாக்கில் சுற்றியவர்கள் மக்கரோனி வெந்ததும் திறந்து, மீனைச் சேர்த்து, ஒரு கொதி வரும்வரை மீண்டும் அடுப்பில் வைத்து எடுங்கள். இறக்கிய பின் தேசிக்காய்ப் புளியை விட்டு, உப்புப் பார்த்து, மெதுவாகப் பிரட்டினால் ஆயிற்று. தேங்காய் கிடைத்தால் கெட்டிப்பால் அரைக் கோப்பை கடைசியில் சேர்க்கலாம். கிடைக்காவிட்டாலும் குறையில்லை.

உருளைக்கிழங்கு போடலாமா என்று வெலிமடைக்காரர் கேட்காமல் இருக்க மாட்டார். தாராளமாகப் போடலாம். ஆனால் கிழங்கும் மாச்சத்து, மக்கரோனியும் மாச்சத்து. ஆகவே கிழங்கு சேர்க்கும்போது மக்கரோனியைக் குறையுங்கள். கால்வாசிப் பக்கற்றை மிச்சம் பிடித்து, மூன்று கிழங்கைச் சிறு துண்டாக வெட்டிக் கரட்டோடு போட்டால் பானை அதே அளவுக்கு நிறையும். நான்கு நாள் அப்படிச் செய்தால் ஐந்தாம் நாளுக்கு ஒரு பக்கற் கையில் இருக்கும்.

பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும்

இந்தப் பானையில் ஐந்தில் ஒரு பங்கு ஒருவருக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் தருகிறது. பாதிக்கு மேல் மீனிலிருந்தும் மீதி கோதுமையிலிருந்தும் கிடைப்பது. ஐந்து வயதுப் பிள்ளை அதில் பாதியை உண்டாலும் அன்றைய தேவையில் பாதி வந்துவிடுகிறது. வெறும் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணீரும் கொடுத்தால் இது கிடைக்காது. முகாமில் ஒரு மாதம் இருந்துவிட்டு மருத்துவமாதுவிடம் நிறுக்கும்போது பிள்ளையின் நிறைக்கோடு கீழே இறங்கியிருப்பதைக் கண்டு அழுகிற தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் பட்டினி போடவில்லை. வயிறு நிறையத்தான் கொடுத்தார்கள், ஆனால் மாச்சத்தை மட்டும் கொடுத்தார்கள்.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு மிளகாயும் உப்பும் சேராமல் சிறு பாத்திரத்தில் வேறாக வேகவைத்து, மீனை வெந்நீரில் ஒருமுறை அலசி, நன்றாக மசித்துக் கொடுங்கள். இரத்த அழுத்தம் உள்ள முதியவர்களுக்கும் மீனை அலசியே சேர்ப்பது நல்லது.

சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேயிலை விளையும் மண்ணில் இதைச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. ஆயினும் தேநீரில் உள்ள துவர்ப்பு உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. சோகை பிடித்த பெண்களும் கர்ப்பிணித் தாய்மாரும் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். பானையில் விட்ட தேசிக்காய்ப் புளி இதற்கு எதிர்மாறாக, இரும்பை உடம்பில் சேரச் செய்கிறது.

மிஞ்சியதை இரவு வைத்துக் காலையில் கொடுக்கலாமா என்ற கேள்வி எல்லா முகாமிலும் எழுகிறது. குளிர்ப்பெட்டி இல்லாத இடத்தில் கொடுக்க வேண்டாம். வெலிமடை இரவு குளிர்தான், ஆனால் மூடிய பானைக்குள் அந்தக் குளிர் சீக்கிரம் இறங்காது. வெந்த மக்கரோனியில் வளரும் சில கிருமிகள் விடும் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. ஆட்களை எண்ணி அளவாகச் சமைப்பதும், மிஞ்சுமென்று தெரிந்தால் அந்த நேரமே பக்கத்துக் கூடாரத்திற்குக் கொடுத்துவிடுவதும் மேல். நாளை அங்கேயிருந்து ஏதாவது வரும்.

வெறும் டின்னை எறிய வேண்டாம். வெட்டிய விளிம்பைக் கல்லில் தட்டி உட்புறமாக மடித்துவிட்டால் பிள்ளைகளின் கையைக் கிழிக்காது. அடியில் ஆணியால் ஐந்தாறு துளை போட்டு, மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பினால் ஒரு தக்காளி நாற்றோ கறிமிளகாய் நாற்றோ வளர்க்கலாம். முகாமை விட்டு வேறிடம் போகும்போது டின்னோடு தூக்கிக்கொண்டு போய் அங்கே நடலாம். வேருக்குச் சேதமில்லாமல் இறக்க டின்னை முதல்நாள் மாலையே நன்றாக நனைத்து வையுங்கள்.